திருப்பிச் சொல்கிறேன் சார்

மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற கைப்பிடியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் மதகைக் காக்கிற லஸ்கர் வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் காரியம். இரும்புக் கைப்பிடி. ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதை மதகிலேயே விட்டுவிட்டு வந்தால், விடிவதற்குள் யாராவது ஒரு புண்ணியவான் தன் ஊர் வாய்க்காலைத் திறந்துகொண்டு போயிருப்பான். வேலையில் இருந்த காலம் முழுக்க அது என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

இப்போது எங்கள் மதகுக்கு மோட்டார் வரப்போகிறதாம். பொத்தானை அழுத்தினால் ஷட்டர் தானாக ஏறுமாம். நல்லதுதான். என் தோள்பட்டையைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று சொல்லும்.

எங்கள் லஸ்கர்கள் சங்கத்து மலருக்கு எழுதச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, "நான் அஞ்சாவதோட நின்னவ தம்பி, எனக்கு என்ன எழுதத் தெரியும்?" என்றேன்.

"கவிதையா கேக்கறோம் அக்கா? செஞ்ச வேலையை எழுதுங்க, போதும். புதுசா வந்திருக்கறவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. மேல இருக்கறவங்க வாயாலேயே உத்தரவு போடறாங்க. பிரச்சினை வந்தா, நான் எங்க சொன்னேன்னு கைய விரிச்சிடறாங்க. அப்ப நாங்க என்ன பண்றதுன்னு கேக்கறாங்க."

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதே மதகில் லஸ்கராக இருந்தவர். ஒரு மழைக்காலத்தில், ஷட்டரில் வந்து அடைத்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மார்வலி வந்து போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை தந்தார்கள். ஆபீஸில் பெருக்கித் துடைக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இடம் இல்லை, மதகில்தான் காலியாக இருக்கிறது என்றார்கள். ஊரில் சிரித்தார்கள். "இனிமே ஆறு இவங்க சொன்னபடிதான் ஓடும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டு டீக்கடையைத் தாண்டிப் போனேன். அந்தப் பேச்சு பாதி உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலையைப் பழக அதிக நாள் ஆகவில்லை. ஷட்டரைத் தூக்குகிற மரைக்கம்பிக்கு கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் காய்ந்தால் யானை வந்தாலும் திருகாது. தடவியிருந்தால் உடம்புப் பாரத்தைப் போட்டு என்னாலேயே திருக முடியும். தினமும் காலையில் அளவுகல்லில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் செக்ஷன் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். கரையில் நண்டுவளை, எலிவளை இருந்தால் அடைக்க வேண்டும். இவ்வளவுதான். இதெல்லாம் கை செய்கிற வேலை. வாய் செய்கிற வேலை ஒன்று இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் மதகில் ஆறு இரண்டு வாய்க்காலாகப் பிரிகிறது. தெற்கே போவது மேலமங்கலத்துக்கு. அது தலைமடை, தண்ணீர் திறந்த கொஞ்ச நேரத்தில் வயலுக்குப் போய்விடும். வடக்கே போவது கீழத்திடலுக்கு. அது கடைமடை. திறந்த தண்ணீர் காய்ந்த வாய்க்காலை நனைத்து நனைத்துப் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்க முடியாது. முறை வைத்து, ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் என்று விடுவார்கள். நான் வாழ்க்கைப்பட்டது மேலமங்கலத்தில். எங்கள் குடும்பத்து நிலமும் அங்கேதான். என் கொழுந்தனார் செல்வம்தான் அதில் பயிர் வைக்கிறார்.

அருள்ராஜ் சார் அப்போது உதவிப் பொறியாளர். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையோடு நேராகக் கரைக்கு வந்து நிற்பார். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார், மண் வெட்டுகிறவர்களையும் வாங்க போங்கதான். வண்டியில் உட்கார்ந்தபடி உத்தரவு சொல்ல மாட்டார். மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவார். தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துத் தோளில் போடுவார். எந்த ஷட்டரைப் பற்றிப் பேசப் போகிறாரோ அதன் கம்பியைக் கையால் தொட்டுக்கொள்வார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். சொல்லி முடித்ததும், "திருப்பிச் சொல்லுங்கம்மா" என்பார்.

முதல் தடவை நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தேன்.

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "ஷட்டருக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்பளை முகத்தைப் பார்த்து உரக்கப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "என்னப் பாக்க வேண்டாம். ஆத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் தண்ணீர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். அன்றையிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது நான் ஆற்றைப் பார்த்துத்தான் சொல்வேன். தண்ணீர் விழுகிற இரைச்சலை மீற வேண்டும் என்பதால் குரலும் தானாக உயர்ந்தது.

சும்மா திருப்பிச் சொன்னால் போதாது. எந்த ஷட்டர், எவ்வளவு ஏற்ற வேண்டும், எதுவரைக்கும், யாருக்குப் போகும், யாருக்கு நிற்கும். இத்தனையும் அதில் வர வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் நான் எப்போதும் விட்டுவிடுவேன். அவர் விட மாட்டார்.

"யாருக்கு நிக்கும்னு சொல்லலையே?"

"அது தெரிஞ்சதுதானுங்களே சார்."

"தெரிஞ்சதுதான். ஆனா ஒரு பக்கம் தண்ணி போனா இன்னொரு பக்கம் நிக்கும்மா. அத வாயால சொல்லிட்டுத்தான் திருகணும். இல்லன்னா கை பாட்டுக்குத் திருகிரும்."

ஒரு தடவை நான் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "இருங்க இருங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். அதுல பாதி ஏத்துங்க போதும்" என்றார். அதிகாரி ஒருவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. திகைத்துப் போய் நின்றேன். அவர் சிரித்தார். "சொல்றவனுக்கு, தான் என்ன சொன்னோம்னு அடுத்தவங்க வாயில கேட்டாத்தான் தெரியும். ஒரு வாயில இருந்தா அது வதந்திம்மா. ரெண்டு வாயில இருந்தாத்தான் உத்தரவு."

அவர் ஓய்வு பெற்றுப் போனார். அதற்குப் பிறகு நிர்வாகம் மாறின விதத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து மதகு லஸ்கர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்களே பாத்துக்கங்கம்மா" என்றார்கள். அடுத்த மதகுக்காரரும் போனார். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்தக் கொஞ்ச நாள் நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் முடியவில்லை. மூன்று மதகுக்கும் சைக்கிளில் போய்வருவேன். எங்கேயும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குக் கரை போதும். நான் காலையில் வீட்டில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவேன். நாள் பூராவும் தண்ணீருக்குக் காவல் இருந்துவிட்டு நா வறண்டு வீடு திரும்புவேன். இதைச் சொல்ல எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது எழுதக் கூச்சமில்லை. மோட்டார் வைக்கிறவர்கள் பக்கத்திலேயே அதையும் ஒன்று கட்டட்டும்.

அதிகாரிகளுக்கும் அதே கதைதான். கார்த்திக் சார் என்று ஒருவர் வந்தார், மயிலாடுதுறைக்காரர், சின்ன வயது. அவருடைய செக்ஷனோடு பக்கத்துச் செக்ஷனையும் கூடுதல் பொறுப்பு என்று அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பாவம், அவர் ஜீப்பிலேயே சாப்பிட்டு ஜீப்பிலேயே உடை மாற்றுவார் என்று டிரைவர் சொல்வார். மதகுக்கு வர நேரம் ஏது? எல்லாம் செல்போனில்தான். அளவுகல்லைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட வேண்டும். ஏதாவது கேட்டால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும்.

நான் உடனே போன் செய்வேன். "சார், வணக்கம். கட்டைவிரல் போட்டிருக்கீங்க. தொறக்கச் சொல்றீங்களா, பாத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"தொறக்கத்தாம்மா."

"திருப்பிச் சொல்றேன் சார்."

"ஐயோ, வேண்டாம்மா, எனக்கு மீட்டிங்" என்பார். நான் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். கட்டைவிரலுக்கு யாருக்கு நிற்கும் என்று தெரியாது.

இனி நான் சொல்ல வந்த காரியம்.

அந்த வருஷம் அணையில் தண்ணீர் குறைவு, முறை வைத்துத்தான் விட்டார்கள். மேலமங்கலத்தில் குறுவை பால் பிடிக்கிற நேரம். கீழத்திடலில் குறுவையே போடவில்லை. சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார்கள். நாற்று மஞ்சளாகிப்போய் நின்றது. நாற்று போனால் அந்த வருஷ வெள்ளாமையே போனதுதான். திரும்ப விதை விட்டு நாற்றாக்குவதற்குள் பருவம் தாண்டிவிடும்.

கீழத்திடல் முறை வந்தது. முதல் நாள் சாயங்காலம் தெற்கு ஷட்டரை இறக்கிவிட்டு வடக்கு ஷட்டரை ஏற்றினேன். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மேலமங்கலத்து ஆட்கள் கூட்டமாக மதகுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் என் கொழுந்தனார் செல்வம். எதிரே கீழத்திடல் பக்கம் இருந்தது ஒரே ஒரு ஆள், சூசையப்பன் அண்ணன். தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்க வாய்க்கால் ஓரமாகவே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் மதகுச் சுவர் ஓரம் நின்றுவிட்டார்.

"அண்ணி, எங்க பக்கம் இன்னும் ரெண்டு நாள் விடணும்" என்றார் செல்வம். "பால் கட்டற பயிரு. இப்ப விட்டா நெல்லு, இல்லன்னா பதரு."

"முறை மாறிடுச்சுங்களே தம்பி."

"முறையாம். அண்ணன் உசுரக் குடுத்து வாங்கின வேலை அண்ணி இது. அதுல உக்காந்துக்கிட்டு எங்க வயலையே காய வைப்பீங்களா?"

கூட்டத்தில் யாரோ, "உங்க வீட்டு உலையும் அந்த வயல்லதான் கொதிக்குது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கைப்பிடியைச் சாக்கோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். செல்வம் நினைத்திருந்தால் அதைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அண்ணி கையிலிருந்து பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. அந்த மரியாதை அவரிடம் இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணி. ஆபீசரே சொல்லுவாரு" என்றார். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மேலே யாரிடமோ பேசியிருக்கிறார். செல்வம் சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது. கார்த்திக் சார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணி. நாங்களும் கேக்கறோம்" என்றார் செல்வம். போட்டேன்.

"அம்மா, அந்த வடக்கு ஷட்டர இறக்கிட்டு, தெற்க ரெண்டு நாளைக்குத் தொறந்து விட்டுருங்க. அப்புறம் பாத்துக்கலாம்." அவ்வளவுதான். பின்னால் ஜீப் ஓடுகிற சத்தம் கேட்டது.

கூட்டம் கலகலத்தது. "கேட்டுச்சா அண்ணி? திருகுங்க!"

சூசையப்பன் அண்ணன் சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். அந்த மனிதர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எத்தனையோ வருஷமாகத் தினமும் சொன்னதுதான்.

"திருப்பிச் சொல்றேன் சார்" என்றேன். "வடக்கு ஷட்டர முழுசா இறக்கணும். தெற்கு ஷட்டர ஏத்தணும். ரெண்டு நாளைக்கு. தண்ணி மேலமங்கலத்துக்குப் போகும். கீழத்திடலுக்கு நிக்கும். நேத்துத் தொறந்த தண்ணி இன்னும் கீழத்திடல் போய்ச் சேரல, அது வாய்க்கால் மணல்லயே சுவறிடும். அவங்க நாத்து நிக்காது. இதான் உங்க உத்தரவு. சரிங்களா சார்?"

போனில் ஜீப் சத்தம் நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"அங்க யார் யாரும்மா இருக்காங்க?"

"மேலமங்கலத்துக்காரங்க எல்லாரும் இருக்காங்க சார். கீழத்திடல் சூசையப்பன் அண்ணன் இருக்காரு. போன் ஸ்பீக்கர்ல இருக்கு சார்."

சரி என்ற ஒரு வார்த்தையைக் கார்த்திக் சார் அப்போது சொல்லியிருந்தால், நான் திருகியிருப்பேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உத்தரவை மீறுவது என் வேலை இல்லை. அது என்ன உத்தரவு என்று போட்டவர் காதில் விழவைப்பது என் வேலை.

"நான் நேர்ல வர்றேம்மா" என்றார் கடைசியில். "அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"திருப்பிச் சொல்றேன் சார். நீங்க நேர்ல வர்ற வரைக்கும் ரெண்டு ஷட்டரையும் தொடக்கூடாது. தண்ணி கீழத்திடலுக்குப் போகும். மேலமங்கலத்துக்கு நிக்கும். சரிங்களா சார்?"

"சரி" என்றார். இந்தத் தடவை குரல் தெளிவாக இருந்தது.

செல்வம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "நல்லாயிருங்க அண்ணி" என்றார். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் அது வாழ்த்து இல்லை. கூட்டம் கரையிலேயே உட்கார்ந்தது. நானும் மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். கார்த்திக் சார் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் ஜீப்பை விட்டு இறங்கி, வடக்கு ஷட்டர் கம்பியின்மேல் கை வைத்துக்கொண்டு பேசினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அருள்ராஜ் சாரை அவர் பார்த்ததுகூட இல்லை. முறை முறைப்படியே போகும், கீழத்திடல் முறை முடிந்ததும் முதல் தண்ணீர் மேலமங்கலத்துக்கு என்று கூட்டத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏச்சும் வாங்கினார்.

போகும்போது என்னிடம் மெதுவாக, "மேல இருந்து ரொம்ப நெருக்கிட்டாங்கம்மா. நீங்க சொல்லக் கேட்டப்பதான், ஐயோ இதையா நாம சொன்னோம்னு இருந்துச்சு" என்றார்.

மறுநாள் காலையில் கீழத்திடல் நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது. நாற்று தேறி, நடவும் நட்டார்கள். மேலமங்கலத்தில் மேட்டு வயல்களில் கொஞ்சம் பதர் விழத்தான் செய்தது. எங்கள் வயல் மேடு. அந்த வருஷம் எங்கள் வீட்டு அரிசியில் நொய் அதிகம். அதைத்தான் நானும் பொங்கித் தின்றேன்.

என்மேல் ஒரு புகாரும் போனது. லஸ்கர் அம்மா பொதுமக்கள் முன்னிலையில் அதிகாரியிடம் உரத்த குரலில் பேசினார் என்று. கார்த்திக் சார் அதைப் படித்துக் காட்டினார். என் ஆயுசில் நான் சத்தம் போட்டதாக வந்த ஒரே புகார் அதுதான். பதில் எழுத வேண்டும் என்று சொன்னவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. "தண்ணீர் இரைச்சல் காரணமாக என்று எழுதிடலாமா?" என்றார். அப்படியே எழுதினார்.

செல்வம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி, என் ஓரகத்தி, மட்டும் கீரை, முருங்கைக்காய் என்று வேலி வழியாகக் கொடுத்துவிட்டுப் போவாள். செல்வம் வழியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

அடுத்த வருஷமும் தண்ணீர் குறைவு, அதே முறை. இந்தத் தடவை மேலமங்கலத்து முறை தொடங்கிய மறுநாள் கீழத்திடல்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் சூசையப்பன் அண்ணன். "தங்கச்சி, எங்க பக்கம் இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்று அதே பேச்சு. அவர்களுக்கும் மேலே பேச ஆள் கிடைத்திருந்தது. இந்தத் தடவை மதகுச் சுவர் ஓரமாகத் தனியாக நின்றவர் செல்வம். துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. கார்த்திக் சார்தான். ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு முடித்துவிட்டு, ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "திருப்பிச் சொல்றேன் சார்" என்று ஆரம்பித்தேன்.

ஒரு வருஷமாக என்னோடு பேசாத மனிதர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணி, இன்னும் சத்தமாச் சொல்லுங்க. இங்க கேக்கல!"